ஸ்கொட்டாவைத் தேடப் போனோம்

ஹால்வோரின் முகத்தைவிட அவன் வண்டியின் பின்பக்கத்தை அறிந்தவர்கள்தான் எங்கள் பள்ளத்தாக்கில் அதிகம். பனிப்புயல் அடிக்கும் நாட்களில் மலைச்சாலையில் கார்களைத் தனியாக விடமாட்டார்கள். தடுப்புக் கம்பத்தருகே இருபது முப்பது வண்டிகள் சேர்ந்ததும் பனி தள்ளும் வண்டி முன்னே போகும். அதன் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே மற்றவை பின்னால் ஊர்ந்து வரும். அந்த மஞ்சள் விளக்கு ஹால்வோருடையது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் கார்கள் அவனைத் தாண்டிப் பறந்துவிடும். அவன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் வரவேண்டியவர்கள் சேரும்வரை காத்திருப்பான். இருபத்திரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று.

நான் தூரிட். அதே மலையின் மேல், ஏரிக்கரையில் இருந்த நடைப்பயணிகள் விடுதியைப் பத்தொன்பது கோடைக்காலம் நடத்தியவள். அவன் வீடும் என் வீடும் கீழே ஆற்றின் எதிரெதிர்க் கரையில் இருக்கின்றன. இருந்தும் நாற்பது வயதுவரை அவனோடு நான் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு காகிதத்தின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். முரடன் இல்லை, கர்வமும் இல்லை. கேட்டால் பதில் சொல்வான். அதற்குமேல் அவனிடமிருந்து எதுவும் வராது.

யோருன் என்ற பெண்ணோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினான். ஒரு சண்டை நடந்ததாக யாரும் கேட்டதில்லை. ஒரு மார்ச் மாதம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்கன் நகரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் சொன்னது ஒரே வாக்கியம் என்று வெகுகாலம் கழித்து அவனே என்னிடம் சொன்னான்.

"ஒத்தையா இருந்தப்பகூட நான் இவ்வளவு தனியா இருந்ததில்ல, ஹால்வோர்."

கூரையில் பனி கனத்துக் கிடந்தது, அவன் ஏறித் தள்ளிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தபோது அவள் கார் போயிருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் வானொலிச் சத்தம் மட்டும்தான்.

நாய் வந்தது அவனுடைய ஐம்பத்தோராவது வயதில். அக்டோபர் மாதம், வேட்டைப் பருவம். முதல் பனியில் சாலையோரம் சரிந்து கிடந்த ஒரு காரை இழுத்துவிடப் போயிருந்தான். காரின் சொந்தக்காரன் எல்க் மான் வேட்டைக்காரன். அவனுடைய நாய், சாம்பல் நிறப் பெட்டை, ஒன்றரை வயது, காருக்கு அடியில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இதற்கு உயிர் போகிறது, இரண்டு பருவம் பார்த்தாயிற்று, இனிமேல் தேறாது, ஊருக்குப் போனதும் முடித்துவிட வேண்டியதுதான் என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டே போனான். ஹால்வோர் சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி வண்டியில் போட்டான். பிறகு அவன் சொன்னானாம்:

"சுடுறதா இருந்தா எனக்குக் குடு."

"வேட்டைக்கு ஆகாதுய்யா."

"நான் வேட்டையாடறதில்ல."

அப்படித்தான் அது அவனுடையதாயிற்று. நிறத்தைப் பார்த்து ஸ்கொட்டா, அதாவது மூடுபனி, என்று பெயர் வைத்தான்.

நாய்க்கு வீட்டுக்குள் இருப்பு கொள்ளவில்லை. கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். அவன் எழுந்தால் அதுவும் எழும். வேறு வழியில்லாமல் வெளியே கூட்டிப்போனான். முதலில் பால்பண்ணைவரை, பிறகு ஆற்றுப் பாலம்வரை, அதற்கப்புறம் காட்டுக்குள். மலையின் குறுக்கே இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவன், சாலையை விட்டு இறங்கி அந்த மலையில் கால் வைத்தது ஐம்பத்தோரு வயதில்தான். கோடையில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களை வேலையற்றவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தானாம். அடுத்த ஜூலையில் அவனே ஒரு பெரிய பையோடு என் விடுதி வாசலில் நின்றான். நாயின் முதுகிலும் இருபுறம் தொங்கும் சின்னப் பை. அதற்கான தீனியை அதுவே சுமந்து வந்திருந்தது.

விடுதியில் நாய்களுக்குத் தனி அறை. சமையலறையை ஒட்டி, விறகுக் கொட்டகைப் பக்கமாக, இரண்டு கட்டில் மட்டும் போட்ட அறை. நாயோடு வருகிறவர்கள் அங்கேதான் படுக்க வேண்டும். நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். சாயங்காலம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆள் எப்போது வந்தான், பதிவேட்டில் எழுதவில்லையே என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாருமில்லை. ஹால்வோர் தரையில் உட்கார்ந்து நாயின் பாதத்துக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தான். அன்றைய நடை முழுவதையும் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது ஓடையில் கல் வழுக்கியது, கலைமான் கூட்டம் காற்றுக்கு எதிரே நின்றதால் இவர்களை மோப்பம் பிடிக்கவில்லை, கணவாயில் காப்பி குடித்தபோது ஒரு பருந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. எல்லாம் அதுவும் கூடவே இருந்து பார்த்தவைதான். ஆனாலும் காதைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டது.

என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான். நான் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவன் இவ்வளவு பேசுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சாப்பாட்டு மேசையில் மறுபடி பழைய ஹால்வோர். ட்ரோன்ஹைமிலிருந்து வந்த ஒரு பெண் நாயைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். ஆமாம், இல்லை என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. "நாய்கிட்ட மட்டும்தான் பேசுவியா? எங்களுக்கு வால் இல்லாததுதான் குறையா?" என்றாள். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். காது சிவந்துவிட்டது. காப்பி வருமுன் எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையும் மலைதான். வடக்கே ஃபெமுண்ட் ஏரியில் படகு வலித்துப் போனார்கள். நாய் படகின் முனையில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் பறவை எழும்பினால் படகே ஆடும்படி எழுந்து நிற்குமாம். ஈஸ்டர் விடுமுறையில் பனிச்சறுக்குக் கட்டையில் அவன், முன்னால் இடுப்பு வாரில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு அது. ஒருமுறை கயிற்றோடு ஒரு முயலின் பின்னால் ஓடி, அவனை ஒரு பிர்ச் மரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூக்கில் கட்டோடு அவன் அந்த வருஷம் பனி தள்ளினான். ஆகஸ்டில் சதுப்பில் விளையும் மஞ்சள் காட்டுப்பழம் பறித்தால் அவன் வாளியில் போடப் போட அது தின்னும். இதையெல்லாம் அவன் எனக்குச் சொன்னதில்லை. பலகைச் சுவர்தான் சொன்னது. நான் ஒட்டுக்கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை மெதுவாக உரித்தேன்.

ஊரிலும் ஒரு மாற்றம் வந்தது. பனிவண்டியில் அவன் பக்கத்து இருக்கையில் நாய் உட்கார்ந்து வரும். தடுப்புக் கம்பத்தில் காத்திருப்பவர்கள் காரிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி நாயின் பெயரைக் கேட்டார்கள். ஒருவரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. கடை நடத்தும் வென்கே வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கொட்டாவுக்குச் சூப்பு எலும்பு எடுத்து வைப்பாள். எலும்பை வாங்கிக்கொண்டு அது வாலாட்டும்வரை வென்கே அதோடு கொஞ்சிக்கொண்டிருப்பாள். கயிற்றின் மறுமுனையில் அவன் நின்றுகொண்டிருப்பான்.

ஏழாவது வருஷம், செப்டம்பர் நடுவில் அது நடந்தது. விடுதியை மூடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். கடைசி விருந்தாளிகள். மறுநாள் காலை பதிவேட்டில் மேற்கே போகும் வழியை எழுதி, புதன்கிழமை இறங்கிவிடுவேன் என்றும் எழுதிவிட்டுக் கிளம்பினான். கூடாரம் இருந்தது, தீனி இருந்தது. வானம் தெளிவாக இருந்தது. நான் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கீழே இறங்கினேன். புதன்கிழமை மேலே பனி கொட்டியது. ஜன்னலிலிருந்து மலை வெள்ளையானதைப் பார்த்தேன். ஹால்வோரை நினைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அவன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

அவன் விடுப்பில் இருந்ததால் வேலையிடத்தில் யாரும் தேடவில்லை. வீட்டில் யாரும் இல்லை. வியாழக்கிழமையும் போயிற்று. வெள்ளிக்கிழமை கடை சாத்தும்போது எலும்பு அப்படியே இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் வென்கே எனக்குப் போன் செய்தாள்.

"ஸ்கொட்டா நேத்து வரல. ஏழு வருஷத்துல இப்படி ஆனதில்ல. அதுக்கு ஏதும் உடம்பு சரியில்லையா, உனக்குத் தெரியுமா?"

அப்போதுதான் நான் பதிவேட்டைத் திறந்தேன்.

மேகம் தரையோடு கிடந்ததால் ஹெலிகாப்டர் எழும்ப முடியவில்லை. மீட்புக் குழுவில் பதினான்கு பேர் திரண்டார்கள். வழி தெரியும் என்பதால் நானும் போனேன். முழங்கால் ஆழப் பனி. ஆளுக்கு இருபதடி இடைவெளி விட்டு வரிசையாக நடந்தோம். எல்லோரும் கூப்பிட்டது ஒரே பெயரைத்தான்: ஸ்கொட்டா, ஸ்கொட்டா. ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நான்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஹால்வோர் என்று கத்திப் பார்த்தேன். அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக அதுவரை சொன்னதில்லை.

பகல் இரண்டு மணி வாக்கில் பாறைக்கற்கள் குவிந்த சரிவுக்கு மேலிருந்து குரைப்பு கேட்டது. ஒரே சீரான குரைப்பு, மூச்சு விட்டு மூச்சு விட்டு. எனக்கு முன்னால் போன வேட்டைக்காரர் நின்றுவிட்டார்.

"எல்க் மானை நிறுத்தி வெச்ச நாய் இப்படித்தான் குரைக்கும்," என்றார். "ஆள் வந்து சேர்ற வரைக்கும் விடாது."

கூடாரத் துணியைப் போர்த்திக்கொண்டு இரண்டு கற்களுக்கு நடுவே கிடந்தான். இடது கால் கணுக்காலுக்கு மேல் முறிந்து கறுத்திருந்தது. புதன்கிழமை காலையில் ஈரக்கல்லில் சறுக்கியிருக்கிறான். போனில் சிக்னல் இல்லை. நாயின் குரைப்பு எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எங்களிடம் ஓடி வரவில்லை. அவன் மார்பில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. முன்தினமே அவனுடைய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தீர்ந்துவிட்டிருந்தன. நாய்த்தீனியைப் பனி உருக்கிய தண்ணீரில் ஊறவைத்து இருவரும் தின்றிருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று தூக்குப்படுக்கையில் கட்டும்போது யாரோ கேட்டார்கள். "வெங்காயம் இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றான்.

நாயைத் தேடித்தான் கிளம்பினோம் என்பதை நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வென்கேதான் மருத்துவமனைக்குப் போனபோது எலும்புக் கதையை நல்லவிதமாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அவன் கேட்டுவிட்டு, "அவளைக் காணோம்னு தேடினீங்க, நானும் கூடவே கிடைச்சேன்," என்றானாம். வென்கே சிரித்துவிட்டு, காருக்கு வந்து உட்கார்ந்த பிறகு வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஐந்து வாரம் லில்லஹாமர் மருத்துவமனையில் இருந்தான். நாய் என்னோடு இருந்தது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். ஸ்கொட்டாவிடம் குடு என்பான். நான் போனை அதன் காதருகே பிடித்துக்கொள்வேன். மருத்துவமனைக் கஞ்சி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, ஜன்னலில் தெரியும் ஒரு துண்டு ஏரி என்று சொல்லிக்கொண்டே போவான். போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் எனக்கும் எல்லாம் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒருநாள் அந்த முதல் மணிநேரத்தைப் பற்றிச் சொன்னான். விழுந்ததும் நாயின் முதுகுப்பையையும் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று விரட்டியிருக்கிறான். அது திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் பனிக்குள் மறைந்துபோயிற்று.

"நீ போனதும் எனக்கு அழுகை வந்துடுச்சு," என்றான் நாயிடம். "அரை மணி கழிச்சு நனைஞ்சுபோய் வந்து நின்னே பாரு, அப்போ உன்னைத் திட்டினேன். நீ போகலையேன்னு திட்டினேன். மனசுக்குள்ள வேற இருந்துச்சு."

யோருன் வந்துபோனதையும் அப்படித்தான் கேட்டேன். அவன் தாள்களில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் பத்தொன்பது வருஷமாக அவள் பெயரே இருந்திருக்கிறது. மாற்றி எழுத வேறு பெயர் இல்லை. மருத்துவமனைக்காரர்கள் அவளை அழைத்துவிட்டார்கள். பெர்கனிலிருந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுமணம் செய்துகொண்டவள், பேத்திகள் இருவர். தானே பின்னிய ஒரு ஜோடிக் காலுறை கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத்தான் அப்போதைக்குப் போட முடிந்தது.

"நாயோட நிறையப் பேசுவியாமே," என்று அவள் கேட்டிருக்கிறாள். "என்னதான் பேசுவே?"

அவன் சொன்னான். படகு, முயல், பிர்ச் மரம், மஞ்சள் பழம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது. ஒரு மணி நேரமும் அதுதான். அவள் நடுவில் பேசவே இல்லையாம். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய்த்தான் சொல்லியிருக்கிறாள்:

"இதெல்லாம் எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம் நீ."

போனில் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். நாய் என் முகத்தைப் பார்த்தது. "அவ சொன்னது சரிதான்," என்றான் பிறகு. அதை யாரிடம் சொன்னான் என்று எனக்கு இன்றும் தெரியாது.

கால் கூடிவிட்டது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. பனி தள்ளும் வேலையை விட்டு அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். மலைநடை குறுகியது. கணவாய்கள் போயின, ஏரிக்கரைகள் மிஞ்சின. பிறகு நாய்க்கும் இடுப்பு விழுந்தது. கடைசி இரண்டு கோடையில் அவன் ஒரு கைவண்டி செய்து, சைக்கிள் சக்கரம் பூட்டி, அதில் ஆட்டுத்தோல் விரித்து அதை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு வந்தான். நொண்டிக்கொண்டே நான்கு மைல் ஏற்றம். விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி அதைத் தூக்கி இறக்குவான். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பதின்மூன்றாவது வயதில், மே மாதத் தொடக்கத்தில், ஸ்கொட்டா செத்துப்போயிற்று. கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அது வெளியிலேயே இருக்கட்டும் என்று படிக்கட்டுக்குக் கீழே, பனி உருகி நீர் ஓடிக்கொண்டிருந்த புல்லில் படுக்கவைத்திருந்தான். ஊசி போட்ட பிறகு அதன் காதருகே குனிந்து, "கூட வந்ததுக்கு நன்றி," என்றான். மலையிலிருந்து இறங்கியதும் கூட நடந்தவரிடம் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் வென்கேயும் கொஞ்சம் தள்ளி நின்றோம். தரை இன்னும் உறைந்திருந்தது. குழி தோண்ட அவனுக்கு மதியம்வரை ஆயிற்று. மண்வெட்டியை எங்களிடம் தரவில்லை.

அந்த ஜூலையில் தனியாக வந்தான். பெரிய அறையில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பதினெட்டுப் பேர். எங்கிருந்து வந்தாய், எவ்வளவு தூரம், ஓடையில் தண்ணீர் எப்படி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவனைக் கேட்க எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த இளம் தம்பதி ஒரு செட்டர் நாயோடு வந்திருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் மரியாதைக்கு, "உங்களுக்கு நாய் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல," என்றான். மீன் பாதியில் இருக்க எழுந்துகொண்டான்.

இலையுதிர்காலத்தில் வென்கேயின் உறவுக்காரர் வீட்டில் சாம்பல் நிற நாய்க்குட்டிகள் பிறந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளேன் என்று நான்தான் சொல்லப் போனேன். நாற்காலி போட்டான், காப்பி ஊற்றினான், பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிவைத்தான். பிறகு, "எனக்கு அறுபத்துமூணு, தூரிட்," என்றான். "அது இருக்க நான் முந்திட்டா, கதவடியில மூக்கை வெச்சுட்டுப் படுத்திருக்கும். யாருக்குத் தெரியும், எத்தனை நாளைக்குன்னு."

விடுதியை நான் விட்டு இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். விபத்துக்குப் பிறகு வந்த பழக்கம் ஒன்று உண்டு: கிளம்புமுன் எங்கே போகிறான் என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவான். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நீயும் வருகிறாயா என்று அந்தச் செய்தியின் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது.

போனேன். பழைய விடுதிக்கு மேலே, வடக்கு முகட்டுக்கு. அவன் நாற்பதடி முன்னால் நொண்டி நடந்தான், நான் பின்னால். ஓடைகளில் நின்று கை கொடுத்தான். முகட்டில் குடுவையிலிருந்து காப்பி ஊற்றி முதல் கோப்பையை எனக்குத் தந்தான். காற்று நன்றாக இருந்தது, தூரத்தில் கலைமான்கள் மேய்ந்தன. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். இரண்டுமுறை வாயைத் திறந்தான். என் பக்கம் பார்த்ததும் மூடிக்கொண்டான். நான் திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்து பார்த்தேன். பலனில்லை. காப்பி ஆறியது. இறங்கினோம். பாலத்தில் பிரியும்போது, "மன்னிச்சுக்க," என்றான்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்குச் செய்தி வந்தது. மேற்குப் பக்கம், ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று மட்டும். கூப்பிடவில்லை. ஜன்னலருகே போய் நின்றேன். அக்கரையில் அவன் கதவைப் பூட்டி, பையை முதுகில் சரிசெய்துகொண்டு, காட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தான். கைகள் அசைந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டு போனானோ என்னவோ, ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை.